அரைக் கட்டை இறங்கிய கல்யாணம்

மெல்லிசைக் குழுவில் சேரப் போகிற பிள்ளைகள் சிலர் இப்போதும் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். பதினோரு வருஷம் மேடையில் அக்கார்டியன் வாசித்தவன் என்று யாரோ சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நானும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ரிகர்சலுக்குத் தவறாமல் போ. பாட்டு எந்தக் கட்டையில் இருக்கிறது என்று வாயைத் திறந்து கேள். முதல் கச்சேரிக்குப் புது பேண்ட் தைக்காதே" என்று மூன்று யோசனை சொல்வேன். முதல் இரண்டையும் பவ்யமாகக் கேட்டுக்கொள்வார்கள். மூன்றாவதற்கு முழிப்பார்கள். மூன்றையுமே நான் ஒரே மேடையில், ஊர் பார்க்க, மானத்தை விட்டுக் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையை இதுவரை அவர்களில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளில் நடந்தது. எனக்கு அப்போது இருபது வயது. மரக்காணம் உப்பளத்தில் கோணி மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். என் நைனா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதே உப்பளத்தில் மேஸ்திரி. அவர் ஒரு குரல் கொடுத்தால் நூறு பேர் பாத்தியில் இறங்குவார்கள், இன்னொரு குரலுக்கு நூறு பேரும் கரையேறுவார்கள். நான் மட்டும் எந்தக் குரலுக்கும் அசைய மாட்டேன். காரணம், என் தோளில் தொங்கிய அக்கார்டியன், துருத்தி மாதிரி இழுத்து வாசிக்கிற பெட்டி.

அதைக் கொடுத்தது என் தாய்மாமன். பாண்டிச்சேரிக்காரர்; பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். வரும்போது ஒரு தொப்பி, ஒரு கைக்கடிகாரம், ஒரு அக்கார்டியன் மூன்றையும் கொண்டுவந்தார். அவர் அதை வாசித்து யாரும் கேட்டதில்லை. "சும்மாதான் கெடக்குது, எடுத்துக்கோடா தனபாலு" என்று ஒரு நாள் என் தோளில் மாட்டிவிட்டார். அந்த நிமிஷமே நான் கலைஞன் ஆகிவிட்டேன். வாசிக்கத் தெரியாது என்பது ஒரு சின்னக் குறை, அவ்வளவுதான். உப்புக்காற்று பட்டால் உள்ளே இருக்கும் தகடெல்லாம் துருப்பிடித்துவிடும் என்று மாமா எச்சரித்திருந்தார். அதனால் வீட்டில் இருந்த நல்ல போர்வையை அதற்குச் சுற்றிவிட்டு நான் வேட்டியைப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

எனக்கு வாத்தியார் என்று யாரும் இல்லை, ஏகாம்பரத்தின் ரெக்கார்டு தவிர. ஏகாம்பரம் கல்யாணம் காதுகுத்துக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். அவருடைய கொட்டகை உப்பளத்தை ஒட்டியே இருந்தது. விசேஷம் இல்லாத நாளெல்லாம் காலையிலிருந்து சாயங்காலம் வரை ரெக்கார்டு போட்டுக்கொண்டே இருப்பார். பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் உப்பளம் முழுக்கப் பாடும். பாத்தியில் நின்ற அத்தனை பேருக்கும் அத்தனை பாட்டும் மனப்பாடம். நான் சாப்பாட்டு நேரத்தில் அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய், ரெக்கார்டு பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சத்தத்தையும் கட்டையில் தேடித் தேடிப் பிடிப்பேன். ஒரு வருஷத்தில் நாற்பது பாட்டு.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு இது எனக்கும் தெரியாது, உப்பளத்தில் ஒருவருக்கும் தெரியாது. கழுவெளி ஏரியிலிருந்து உப்புத்தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு விடும் பெரிய மோட்டார் ஏகாம்பரம் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டுக்கும் ஒரே கரண்ட் லைன். மோட்டார் ஓடினால் கொட்டகையில் பல்பு மஞ்சளாகிவிடும், ரெக்கார்டுத் தட்டும் சோம்பேறித்தனமாகச் சுற்றும். தட்டு மெதுவாகச் சுற்றினால் பாட்டு மெதுவாக வரும். குரலும் கீழே இறங்கிவிடும். பெண் பாடினால் ஜலதோஷம் பிடித்த மாதிரி, ஆண் பாடினால் அப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி. மோட்டாரோ நாள் பூராவும் ஓடியது. ஆக எங்கள் உப்பளத்தில் உலகத்துப் பாட்டெல்லாம் அரைக் கட்டை இறங்கித்தான் ஒலித்தது. (சுருதியைக் கட்டை என்று அளப்பது எங்கள் தொழில் வழக்கம்; வாத்தியத்தில் விரலால் அமுக்குவதற்கும் கட்டை என்றுதான் பெயர்.) கால் கட்டை இறங்கியிருந்தால்கூட அக்கார்டியனில் எங்கேயும் பொருந்தாமல் நான் விழித்துக்கொண்டிருப்பேன். கச்சிதமாக அரைக் கட்டை இறங்கி என் தலையில் உட்கார்ந்தது. என் பாட்டெல்லாம் பெரும்பாலும் கறுப்புக் கட்டையிலேயே இருந்தது. இந்தப் பெட்டியைச் செய்தவன் இத்தனை வெள்ளைக் கட்டையை எதற்காக வைத்தான் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

எப்போதாவது மோட்டார் நின்றால் பாட்டு கிடுகிடுவென்று எகிறும். உடனே பாத்தியிலிருந்து, "ஏகாம்பரம், கரண்ட்டு ஜாஸ்தியாயிடுச்சு, நிறுத்துப்பா, ரெக்கார்டு கெட்டுடப் போவுது" என்று கத்துவார்கள். அவரும் நிறுத்திவிடுவார். டீக்கடை ரேடியோவில் அதே பாட்டு வந்தால், "ரேடியோல அப்பிடித்தான் கீச்சுனு கேக்கும்" என்று நாங்களே தீர்ப்பு சொல்லிக்கொண்டோம். நூறு பேரும் சேர்ந்து தப்பாகக் கேட்டால் அது தப்பு என்று யார் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் செய்தி வந்தது. திண்டிவனத்தில் கலியமூர்த்தி மாஸ்டர் என்று ஒருவர் மெல்லிசைக் குழு நடத்திவந்தார். சினிமாப் பாட்டை ரெக்கார்டில் இருப்பது போலவே, ஒரு தும்மல்கூட மாறாமல் வாசிப்பதில் பெயர் எடுத்த குழு. அவர்களுடைய அக்கார்டியன்காரர் திடீரென்று சென்னைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அனுமந்தையில் கல்யாண வரவேற்பில் கச்சேரி. அதற்குள் ஆள் வேண்டும். கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேராக நைனாவிடம் போய் நின்றேன்.

"அனுமந்தையா?" என்றார் நைனா. "நம்ம வேலாயுதம் பொண்ணு கல்யாணம்தானே அது? உப்பளமே வருதே."

வேலாயுதம் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு எங்கள் உப்பளத்தில் மூட்டை தூக்க வந்தவர். மாப்பிள்ளை வீடுதான் அனுமந்தை. வலையும் கட்டுமரமும் சொந்தமாக வைத்திருந்த வசதியான குடும்பம். கச்சேரி அவர்கள் ஏற்பாடு.

நைனா பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "டேய், ஒரே ஒரு தடவ மேடை ஏறு. ஜனம் உக்காந்து கேட்டுச்சுன்னா நீ உன் பொட்டியோட எங்க வேணா போ, நான் ஏன்னு கேக்க மாட்டேன். ஜனம் எழுந்து போச்சுன்னா பொட்டிய மாமன்கிட்டயே குடுத்துட்டு ஒழுங்கா மூட்ட தைக்கணும். அப்பறம் பாட்டு கீட்டுன்னு பேச்சு வரக் கூடாது."

"சரி நைனா" என்றேன். என் ஆயுசே அந்த ஒரு சாயங்காலத்தில் இருந்தது.

மறுநாளே திண்டிவனம் போனேன். மாஸ்டருக்கு மெட்ராஸ் ஐ. ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு ஈசிசேரில் சாய்ந்திருந்தார். "வாசி" என்றார். மூன்று பாட்டு வாசித்தேன். துணிக்கு அடியில் தலை ஆடியது.

"சங்கதியெல்லாம் அப்பிடியே ரெக்கார்டு மாதிரியே இருக்குதே. வேகம்தான் பத்தல. பயமா?"

"லேசா இருக்குதுங்க மாஸ்டர்."

"மேடைல டிரம்ஸ்காரன் இழுத்துக்கினு போயிடுவான், விடு. எந்தக் கட்டைல வாசிக்கற?"

எனக்குக் கட்டையும் தெரியாது, மட்டையும் தெரியாது. தெரியாது என்றால் துரத்திவிடுவாரோ என்று பயம். "ரெக்கார்டுல எப்பிடியோ அப்பிடியேங்க" என்றேன். சத்தியமான பதில். அவருக்குக் கண் மட்டும் திறந்திருந்தால் என் விரல் எந்தக் கட்டையில் நிற்கிறது என்று பார்த்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

"சபாஷ்" என்றார். "சனிக்கிழம ரிகர்சலுக்கு வந்துடு. வெள்ள பெல்பாட்டம், செவப்பு சட்ட. அதான் நம்ம யூனிபாரம்."

பெல்பாட்டம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ரிகர்சல் என்ற வார்த்தை காணாமல் போய்விட்டது. எங்கள் ஊர் டெய்லர் அதுவரை பெல்பாட்டம் தைத்ததில்லை. ஒரு சினிமா நோட்டீஸைப் பார்த்துத் தைத்தார். வெள்ளிக்கிழமை போட்டுப் பார்த்தால் தொடை ஏறவில்லை. "நாளைக்கு வா, பிரிச்சுத் தெச்சுடலாம்" என்றார். சனிக்கிழமை டெய்லர் கடையா, திண்டிவனமா? நான் யோசிக்கவே இல்லை. நாற்பது பாட்டும் விரலில் இருந்தது. பேண்ட்தான் இடுப்பில் இல்லை. திண்டிவனம் பஸ் கண்டக்டரிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். (யாராவது இதைப் படிக்கிற இளம் கலைஞர் இருந்தால், தம்பி, தயவுசெய்து ரிகர்சலுக்குப் போ.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. கடற்கரை மணலில் இரண்டு படகைக் கவிழ்த்துப்போட்டு, மேலே பலகை அடித்து மேடை. வேலாயுதம் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு எதிரே நாற்காலியில். வலது பக்கம் மாப்பிள்ளை வீட்டார், இடது பக்கம் எங்கள் உப்பளம் முழுசும். நான் ஏறி நின்றேன். கடல்காற்று பெல்பாட்டத்துக்குள் புகுந்து இரண்டு காலையும் உப்பவைத்தது. அக்கார்டியன் கனம் மட்டும் இல்லாவிட்டால் நான் பாண்டிச்சேரிப் பக்கம் போயிருப்பேன். ஆனாலும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! உடம்பில் ரத்தம் தாளம் போட்டது. உலகத்திலேயே பெரிய மேடை அதுதான் என்று சத்தியமாக நம்பினேன்.

முதல் பாட்டு, அக்கார்டியன் தனியாக ஆரம்பிக்கிற பாட்டு. மாஸ்டர் விரலைச் சொடுக்கினார். இழுத்தேன்.

அந்த அரை நிமிஷத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். இடது பக்கம் விசில் பறந்தது. செங்கேணி அக்கா (உப்புக் கூடை தூக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி அவர்தான்) பக்கத்தில் இருந்தவளை இடித்து, "நம்ம தனபாலுடி" என்றது மேடைக்கே கேட்டது. நைனா பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாடகி வசந்தா அக்கா, பகலில் பள்ளிக்கூட டீச்சர், என் பெட்டியிலிருந்து சுருதியைப் பிடித்து முதல் வரியைப் பாடினார். கொஞ்சம் கீழே இருக்கிறதே என்று புருவம் சுருங்கியது. ஆனாலும் பாடினார்.

இரண்டாவது வரியில் ஆர்கன், கிட்டார், வயலின், டிரம்ஸ் எல்லாம் உள்ளே வந்தன. அவர்கள் கட்டையில், அவர்கள் வேகத்தில்.

ஒரே கட்டிலை உயரமானவன் ஒருத்தனும் குள்ளமானவன் ஒருத்தனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு ஓடினால் மேலே படுத்திருப்பவர் கதி என்ன? வசந்தா அக்கா அந்தக் கட்டிலில் இருந்தார். பாதி வரி என்னோடு, பாதி வரி அவர்களோடு. ஆர்கன் சேகர் தன் ஆர்கன்தான் கெட்டுப்போய்விட்டது என்று அதன் தலையில் ஒரு தட்டு தட்டினார். (நல்ல மனுஷன், பாவம்.) வயலின்காரர் வாசிப்பதை விட்டுவிட்டுத் தந்தியை முறுக்க ஆரம்பித்தார். மாஸ்டர் என்னைப் பார்த்துக் கையை மேலே மேலே தூக்கிக் காட்டினார். சுருதியை ஏற்றச் சொல்கிறார் என்று எனக்கு எங்கே தெரியும்? சத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று உயிரைக் கொடுத்து இழுத்தேன்.

பாட்டு நின்றது. மாஸ்டர் மைக்கில், "மைக்குல சின்ன கோளாறு, மன்னிக்கணும்" என்று புளுகிவிட்டு என்னிடம் வந்தார். கண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"இன்னா கட்டைப்பா இது?"

"ரெக்கார்டு கட்டைங்க."

"எங்க, அந்த மொத சங்கதிய மெல்ல வாசி." வாசித்தேன். அவர் என் விரலையே பார்த்தார். "அட பாவி, எல்லாம் கறுப்புல இருக்குது. யார்ரா உனக்குச் சொல்லிக்குடுத்தது?"

சேகர் தன் ஆர்கனில் அதே சங்கதியை வெள்ளைக் கட்டையில் மெதுவாகத் தட்டிக் காட்டினார். டீக்கடை ரேடியோவில் கேட்ட அதே கீச்சுக் குரல். எனக்கு அப்போதுதான் உச்சந்தலையில் உறைத்தது. ரேடியோ சரி. குழு சரி. நான் கற்றுக்கொண்ட நாற்பது பாட்டும் தப்பு.

"நீ பொட்டிய மாட்டிக்கினு சும்மா இழுக்கற மாதிரி நில்லு. சத்தம் வரக் கூடாது" என்றார் மாஸ்டர். சிவப்புச் சட்டை, வெள்ளை பெல்பாட்டம், சத்தமில்லாத அக்கார்டியன். நைனா சொன்ன மூட்டையும் ஊசியும் கண்ணெதிரே வந்து நின்றன.

நான் இல்லாமல் பாட்டு மறுபடி ஆரம்பித்தது. சரியான சுருதி, சரியான வேகம், அச்சு அசல். வலது பக்கம் கைதட்டினார்கள். இடது பக்கம் ஒரு சத்தமும் இல்லை. உப்பளத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் சரணம் முடியும் முன்னால் செங்கேணி அக்கா எழுந்து, இடுப்பில் கை வைத்து மேடைக்கு நேரே வந்துவிட்டார்.

"ஏம்பா, எதுக்கு இப்பிடிப் பறக்கறீங்க? கடைசி பஸ்ஸ புடிக்கணுமா? இந்தப் பாட்ட நாங்க தினமும் கேக்கறோம். இப்பிடியா இருக்கும் அது? அந்தப் புள்ள ஒழுங்கா வாசிச்சான், அவன நிறுத்திட்டு நீங்க தப்பும் தவறுமா அடிக்கறீங்க."

"அதானே" என்று இடது பக்கம் முழுக்க எழுந்தது. ஜனம் எழுந்துவிட்டது; ஆனால் போகவில்லை, முன்னால் வந்தது. மாஸ்டர் ஏதோ விளக்க வாயெடுத்தார். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நைனா மேடையேறிவிட்டார்.

"மாஸ்டரே, நான் இவன் அப்பன். இந்தப் பொட்டிய நான் திட்டாத நாள் இல்ல. ஆனா பாட்டுன்னா இவன் வாசிச்சதுதான் பாட்டு. பெரிய குழுன்னு பேரு மட்டும் வெச்சிக்கினா போதுமா? பையன் புதுசுன்னு அமுக்கப் பாக்கறீங்களா?"

எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. "நைனா, தப்பு என்னோடதுதான்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் என் அக்கார்டியனுக்காகச் சண்டை போடுகிறார். எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அதைவிடச் சந்தோஷமாக இருக்கிறது.

தீர்ப்பு சொன்னது மாப்பிள்ளையின் அப்பா. மெதுவாக மாஸ்டரிடம் வந்து, "மாஸ்டர், எது சரி எது தப்புன்னு எனக்குத் தெரியாது. அவங்க பொண்ணு குடுத்த வூட்டுக்காரங்க. மொத நாளே மனசு கோணக் கூடாது. அவங்க கேக்கற மாதிரியே வாசிச்சிடுங்க" என்றார். அவர் பக்கத்து இளவட்டம் ஒருவன், "சாவு வூட்டுப் பாட்டு மாதிரி இருக்குதே" என்று முனகினான். பெரியவர் ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டான். சம்பந்தி மரியாதைக்கு முன்னால் சுருதி என்ன செய்யும்?

ஆக, ரெக்கார்டு பிசகாமல் வாசிக்கிற அந்தக் குழு அன்று சாயங்காலம் முழுக்க ஏகாம்பரத்தின் ரெக்கார்டு பிசகாமல் வாசித்தது. என்னைக் கேட்டுக் கேட்டு, எனக்குப் பின்னாலேயே வந்தார்கள். கிட்டார்காரருக்குக் கவலையில்லை, விரலை ஒரு படி தள்ளிவைத்துக்கொண்டார். சேகர்தான் கறுப்புக் கட்டையைத் தேடித் தேடி வேர்த்துக் கொட்டினார். டிரம்ஸ்காரர் அடிக்கும் அடிக்கும் நடுவில் கொட்டாவி விட்டார். வசந்தா அக்கா அடித்தொண்டையில் பாடிப் பாடி, கடைசியில் அவருக்கே ஜலதோஷம் பிடித்த குரல் வந்துவிட்டது. (உப்பளத்துப் பெண்கள் அதைக் கேட்டுத்தான், "இப்பதான் ரெக்கார்டு மாதிரியே இருக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.) இடது பக்கத்தில் ஒரு ஆள் நகரவில்லை.

கச்சேரி முடிந்ததும் மாஸ்டர் என் தோளில் கை வைத்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். "வர்ற மாசம் உங்க உப்பளத்துல இன்னொரு கல்யாணமாம். எங்களையே கூப்பிடறாங்க. நீ இல்லாம வரக் கூடாதுன்னு வேற சொல்லிட்டாங்க" என்றார். "திங்கக்கிழம ரிகர்சலுக்கு வா. தெரிஞ்சதெல்லாம் மறந்துட்டு வா."

மறக்க எட்டு மாசம் ஆனது. நாற்பது பாட்டையும் கறுப்பிலிருந்து பிடுங்கி வெள்ளையில் நட்டேன். அதுவரை மாஸ்டர் என்னை மரக்காணத்துக் கல்யாணங்களுக்கு மட்டும் கூட்டிப்போனார். மற்ற ஊர்களில் வண்டியிலிருந்து பெட்டி இறக்கினேன். எட்டாவது மாசம் பெருமுக்கல் திருவிழாவில் முதல் தடவையாகச் சரியான கட்டையில், முழுக் குழுவோடு, ஒரு பிசிறில்லாமல் வாசித்தேன். மாஸ்டர் மேடையிலேயே கைகொடுத்தார். நைனா வந்திருந்தார். ஓடிப்போய், "எப்பிடி நைனா?" என்றேன்.

"சரிதான், போ" என்றார். கூடவே, "அன்னிக்கு அனுமந்தைல வாசிச்சியே, அந்த மாதிரி வரலடா. இவனுங்களோட சேந்து கெட்டுட்ட" என்றார்.

விளக்கிப் பார்த்தேன். அதற்குள் எனக்குப் பிடிபட்டிருந்த மோட்டார், கரண்ட், தட்டு விஷயமெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப அந்த மோட்டார் நல்ல மோட்டாரு" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. கடைசி வரைக்கும் அவருக்கு வாசித்துக் காட்டும்போதெல்லாம் அரைக் கட்டை இறக்கி, மெதுவாகத்தான் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டே வளர்ந்த என் மகள் சின்ன வயதில் கீபோர்டு கற்றுக்கொண்டாள். அந்தக் கருவியில் ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் எல்லா சுருதியும் அரைக் கட்டை இறங்கிவிடும். வகுப்பில் இருபது பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கும்போது இவள் ஒருத்தி மட்டும் இறங்கியே இருந்திருக்கிறாள். வாத்தியார் வந்து பார்த்து, "ஏம்மா இந்தப் பட்டனை அமுக்கிவெச்சிருக்க?" என்று கேட்டாராம்.

"இது எங்க தாத்தா ஸ்கேல் சார்" என்றாளாம். "நீங்கதான் எல்லாரும் ஏத்தி வெச்சிருக்கீங்க."